எண்டோஸ்கோப்பிக்குப் போகுமுன்: எந்த ஒளி, எந்த மருத்துவர், ஆய்வில் சேரலாமா?

மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் ஃபிட் சோதனையில் ரத்தம் தெரிகிறது, பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு வாருங்கள் என்று கடிதம் வந்தால் நம்மவர்கள் முன்பெல்லாம் "வலிக்குமா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது கூடவே இன்னொன்றும் கேட்கிறார்கள். "எந்த ஆஸ்பத்திரியில ஏஐ மெஷின் இருக்கு? அந்த நீல லைட்டு போட்டுப் பார்ப்பாங்களா?" குழாய்க் கேமராவை உடலுக்குள் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிப் பிரிவில் தாதியாக இருப்பதால் தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போதும் எனக்கு இந்தக் கேள்வி வரும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் வரும். சிலருக்கு இதற்கு மேலும் ஒரு குழப்பம். புதுக் கருவியை வைத்து ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்கிறீர்களா என்று மருத்துவமனையே கேட்டிருக்கும். சேர்ந்தால் நல்ல கருவி கிடைக்குமா, இல்லை நம்மை வைத்துப் பரிசோதனை செய்கிறார்களா என்று புரியாமல் தவிப்பார்கள்.

இந்தக் கேள்விகள் நியாயமானவை. எண்டோஸ்கோப்பி எல்லாவற்றையும் பிடித்துவிடுவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கின்படி, உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்களில் 100க்கு சுமார் 11, நோய் உறுதியாவதற்கு முந்தைய 3 ஆண்டுக்குள் செய்த எண்டோஸ்கோப்பியில் தவறவிடப்பட்டிருக்கின்றன. பெருங்குடலில், ஒரே ஆளுக்கு ஒரே நாளில் அடுத்தடுத்து இரண்டு முறை செய்து பார்த்த ஆய்வுகளின் தொகுப்பு 2019இல் வந்தது. முதல் முறையில், அடினோமா எனப்படும் குடல் கட்டிகளில் ஏறக்குறைய 26 விழுக்காடு கண்ணுக்குத் தப்பியிருந்தன. பெரும்பாலும் சின்னவைதான். ஆனாலும் பின்னால் புற்றாக மாறக்கூடிய வகை அதுதான்.

ஆகவே எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? முதலில் உங்களுக்கு எந்த உறுப்பில் ஆபத்து அதிகம் என்று பாருங்கள். அடுத்து, பார்ப்பவர் எவ்வளவு நேரம் எடுத்துப் பார்க்கிறார், பார்க்கப்படும் இடம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பாருங்கள். கருவியின் பெயர் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறிப்போவதால்தான் பலர் தேவையில்லாமல் அலைகிறார்கள்.

திரையில் என்ன நடக்கிறது

இன்று சிங்கப்பூர் மருத்துவமனைகளில் வழக்கமாகக் கிடைப்பது உயர்தெளிவு வெள்ளை ஒளி. அதே ஸ்கோப்பின், அதாவது கேமராக் குழாயின், பிடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மருத்துவர் அதை அழுத்தியதும் இளஞ்சிவப்பாக இருந்த திரை நொடியில் பச்சையும் நீலமும் கலந்த நிறத்துக்கு மாறும். மேற்பரப்பில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் பழுப்புக் கோடுகளாக எழும்பி வரும், கொஞ்சம் ஆழத்தில் ஓடுபவை நீலப்பச்சையாகத் தெரியும். பித்தநீர் தேங்கிய இடம் ரத்தம் போலச் சிவந்து காட்டும். புதிதாக வேலைக்கு வந்த தாதிகள் முதல் தடவை அதைப் பார்த்துப் பதறுவதுண்டு.

இதுதான் என்பிஐ எனப்படும் குறும்பட்டை ஒளி. ஜப்பானின் தேசியப் புற்றுநோய் மையமும் ஒலிம்பஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய இரண்டு பட்டைகளை மட்டும் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் ரத்தக்குழாய்கள் கறுத்துத் தெரிகின்றன. புற்று தொடங்கும் இடத்தில் குழாய்கள் ஒழுங்கு கெட்டு, தடித்து, வளைந்து கிடக்கும். வெள்ளை ஒளியில் லேசான சிவப்பாக மட்டும் தெரிந்த இடம் இங்கே தனியாகப் பிரிந்து நிற்கும். ஃபியூஜிஃபிலிம் கருவிகளில் பிஎல்ஐ, எல்சிஐ என்ற முறைகளும், பென்டாக்ஸ் கருவிகளில் ஐ-ஸ்கேனும் இருக்கின்றன. செய்யும் விதம் வேறு, நோக்கம் ஒன்றே. இவை கருவிக்குள்ளேயே இருப்பவை. "நீல லைட்டு" போட்டதற்காகப் பொதுவாகத் தனிக் கட்டணம் வராது.

ஒளிக்குப் பதில் சாயம் தெளிப்பது பழைய வழி. உணவுக்குழாய்க்கு லூகால் அயோடின், குடலுக்கு இண்டிகோ கார்மின். மலிவு, நம்பகமும் உண்டு. ஆனால் நேரம் பிடிக்கும், அயோடின் நெஞ்செரிச்சலைக் கொடுக்கும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். நீண்ட நாள் குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு இன்றும் சாயத்துக்கு நல்ல இடம் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருவிகளின் வேலை இரண்டு வகை. கண்ணில் படாததைத் தேடிக் காட்டுவது ஒன்று, கண்ணில் பட்ட இடம் புற்றா, வெறும் புண்ணா என்று சொல்வது மற்றொன்று. எல்சிஐ, பெருங்குடல் ஏஐ போன்றவை முதல் வகை. பெரிதாக்கிக் காட்டும் என்பிஐ, லேசர் நுண்ணோக்கி, பின்னால் நான் விளக்கும் ராமன் ஒளி ஆகியவை இரண்டாம் வகை. செய்திகளில் இரண்டும் கலந்து வருவதால் "புது லேசர் புற்றைக் கண்டுபிடிக்கும்" என்று நம்பி வருகிறார்கள். அந்த லேசரை எங்கே வைப்பது என்று முதலில் ஒரு கண் பார்த்துச் சொன்னால்தான் அது வேலை செய்யும்.

உணவுக்குழாய்: இங்கே ஒளியைக் கேட்டு வாங்குங்கள்

என்பிஐ தெளிவாக ஜெயித்த இடம் இதுதான். ஜப்பானில் 320 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், உணவுக்குழாயின் உட்படலத்தில் தொடங்கும் மேலோட்டமான செதிள்செல் புற்றில் வெள்ளை ஒளி கண்டுபிடித்தது சுமார் 55 விழுக்காடு, என்பிஐ 97 விழுக்காடு. இவ்வளவு பெரிய வித்தியாசம் எண்டோஸ்கோப்பி ஆய்வுகளில் அபூர்வம்.

நம் சமூகத்துக்கு இது நெருக்கமான விஷயம். மதுவும் புகையும் சேர்ந்தவர்கள், வாய் அல்லது தொண்டைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றவர்கள், ஊரில் இருந்தபோது பல வருடம் வெற்றிலை பாக்கு போட்டவர்கள் எல்லோருக்கும் இந்த வகைப் புற்றுக்கான ஆபத்து அதிகம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. இந்த விவரத்தை நீங்களாகச் சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரிய வழியில்லை. வெட்கப்படாமல் சொல்லுங்கள். "டாக்டர், உணவுக்குழாயை என்பிஐ போட்டும் பாருங்கள்" என்று கேளுங்கள். பொத்தான் ஏற்கெனவே அவர் கையில்தான் இருக்கிறது.

இரைப்பை: ஒளியைவிட நிமிடங்கள்

இரைப்பையில் கதை அவ்வளவு நேரானதல்ல. ஜப்பானில் 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், ஆரம்ப நிலை இரைப்பைப் புற்றைக் கண்டுபிடித்த விகிதம் வெள்ளை ஒளியில் 1.9, இரண்டாம் தலைமுறை என்பிஐயில் 2.3 விழுக்காடு. வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அதே ஆண்டு வெளிவந்த வேறொரு ஜப்பானிய ஆய்வில் 1,502 பேரிடம் எல்சிஐயை ஒப்பிட்டார்கள். தொண்டை முதல் இரைப்பை வரை புற்றுக்கட்டிகளைக் கண்டது வெள்ளை ஒளியில் 4.8, எல்சிஐயில் 8.0 விழுக்காடு. இரைப்பை அகலமான பை. குறும்பட்டை ஒளிக்கு வெளிச்சம் குறைவு. எல்சிஐ பிரகாசம் குறையாமல் நிறங்களை மட்டும் பிரித்துக் காட்டுவதால் அங்கே அதற்குக் கொஞ்சம் சாதகம் என்பது என் எண்ணம்.

ஆனால் எனக்கு மனதில் பதிந்தது நம் சிங்கப்பூரிலேயே தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு. புதுக் கருவி எதுவும் இல்லை. 16 மருத்துவர்கள், 837 நோயாளிகள், ஒரு கடிகாரம். சராசரியாக 7 நிமிடத்துக்கு மேல் எடுத்துப் பார்த்தவர்கள், அதைவிட வேகமாக முடித்தவர்களைக் காட்டிலும் ஆபத்தான மாற்றங்களை இரண்டு மடங்கும், புற்று சார்ந்த கட்டிகளை மூன்று மடங்கும் கண்டுபிடித்தார்கள். ஒரு விளக்கு தரும் லாபத்தைவிட இது பெரிது. சீனாவில் இரைப்பைக்கு உருவாக்கிய ஏஐயும் இதே வழியில்தான் போனது. எந்த மூலையை இன்னும் பார்க்கவில்லை என்று மருத்துவருக்கு நினைவூட்டியது. 2019இல் வெளியான ஆய்வில், பார்க்காமல் விட்ட இடங்கள் 22 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கின.

சிங்கப்பூரில் இரைப்பைப் புற்று சீனர்களுக்கு அதிகம், இந்தியர்களுக்குக் குறைவு. ஆகையால் வாயுத் தொல்லை என்றதும் "நல்ல ஏஐ மெஷின்ல கேஸ்ட்ரோஸ்கோப்பி எடுத்துக்கிறேன்" என்று இரைப்பைச் சோதனைக்கு ஓட வேண்டாம். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அழித்துவிடுவது முதல் வேலை. ஆனால் சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் இண்டெஸ்டினல் மெட்டாபிளேசியா, அதாவது இரைப்பையின் உட்படலம் குடலின் உட்படலம் போல மாறிய நிலை என்று எழுதியிருந்தால், அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் விடாதீர்கள். 2004இல் தொடங்கி சுமார் 3,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த சிங்கப்பூர் ஆய்வு 2022இல் வெளிவந்தது. அந்த மாற்றம் கடுமையாக ஆக ஆகப் புற்றின் ஆபத்து ஏறுகிறது என்று அது காட்டியது. இப்படிப்பட்டவர்களுக்கு என்பிஐ மிகவும் உதவும், மாறிய இடங்களை அது நன்றாகக் காட்டும். இவர்கள் மட்டும் ஒளியையும் கேட்கலாம், இரைப்பையில் பழக்கப்பட்ட மருத்துவரையும் கேட்கலாம்.

ரத்தத்திலேயே பார்க்க முடியாதா என்பார்கள். ரத்தத்திலுள்ள மைக்ரோ ஆர்என்ஏ என்ற நுண்ணிய மரபு மூலக்கூறுகளில் 12ஐ அளக்கும் கேஸ்ட்ரோகிளியர் என்ற சோதனை இங்கே உருவாகி 2019இல் அனுமதி பெற்றது. அதில் ஆபத்து என்று வந்தாலும் கடைசியில் கேஸ்ட்ரோஸ்கோப்பிக்குத்தான் வர வேண்டும்.

பெருங்குடல்: ஏஐயும் தாளித்த கடுகும்

50 வயதைத் தொட்டவர்களுக்கு அரசாங்கத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஃபிட் சோதனை உண்டு. இரண்டு நாள் மல மாதிரி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதில் ரத்தம் தெரிந்தால் அடுத்தது கொலோனோஸ்கோப்பி. அமெரிக்காவில் சுமார் 70,000 பேரின் பதிவுகளை வைத்து 2017இல் வந்த ஆய்வு, 10 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களுக்குப் புற்றும், முற்றிய புற்றும் அதிகம் என்று காட்டியது. ஏஐ இருக்கும் இடம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதைவிட, கிடைத்த தேதியில் போய்ப் படுத்துக்கொள்வது மேல்.

ஏஐ என்ன செய்கிறது? மருத்துவர் ஸ்கோப்பை மெல்ல இழுத்துக்கொண்டு வரும்போது, பாலிப், அதாவது குடல் சுவரில் வளரும் கட்டி, என்று சந்தேகப்படும் இடத்தில் திரையில் ஒரு கட்டம் விழும். நுரைக்குமிழிக்கும் விழும், குடல் மடிப்புக்கும் விழும். முடிவு மருத்துவருடையது. இத்தாலியில் 685 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், அடினோமா கண்டுபிடிக்கப்பட்டவர்களின் விகிதம் 40.4இலிருந்து 54.8 விழுக்காட்டுக்கு ஏறியது. இந்த விகிதம் வெறும் எண்ணல்ல. ஒரு மருத்துவருக்கு அது 1 விழுக்காடு கூடினால், அவரிடம் பார்த்துக்கொண்டவர்களுக்கு அடுத்த சோதனைக்கு முன்பே புற்று வரும் ஆபத்து 3 விழுக்காடு குறைகிறது என்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளை வைத்து 2014இல் கணக்கிட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஏஐ கூடுதலாகக் காட்டுபவை பெரும்பாலும் மிகச் சின்னவை. 2025இல் அமெரிக்க இரைப்பைக்குடல் மருத்துவச் சங்கம், வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு போலந்திலிருந்து வந்த ஆய்வு எனக்குக் கவலை தந்தது. ஏஐயோடு பழகிய மருத்துவர்கள் அது இல்லாமல் செய்தபோது, அவர்கள் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4இலிருந்து 22.4 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. ஏஐ இருந்தால் நல்லது. அதற்காக ஊரெல்லாம் தேட வேண்டியதில்லை. ஆறு நிமிடத்துக்குக் குறையாமல் இழுத்துப் பார்க்கும் மருத்துவர் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. 2006இல் வெளியான ஆய்வில், சராசரியாக ஆறு நிமிடமோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் 28.3 விழுக்காட்டினரிடம் கட்டிகளைக் கண்டார்கள், அதற்குக் குறைவாக எடுத்தவர்கள் 11.8 விழுக்காட்டினரிடம்தான்.

மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. 11 ஆய்வுகளில் கலந்துகொண்ட 4,491 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது என்பிஐ வெள்ளை ஒளியைவிடக் கொஞ்சம் முந்தியது. ஆனால் குடல் மிக நன்றாகச் சுத்தமாக இருந்தவர்களிடம்தான் அந்த லாபம் கிடைத்தது. அரிசி களைந்த தண்ணீருக்குள் ஊசியைத் தேடினால் எந்த விளக்குதான் உதவும்?

நம் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது கீரை மட்டுமில்லை. தாளித்த கடுகு, எள்ளுப்பொடி, தக்காளித் தோல், மிளகாய் விதை எல்லாம் மறுநாள் திரையில் அப்படியே தெரியும். ஸ்கோப்பின் உறிஞ்சுகுழாயையும் அடைக்கும். இரண்டு மூன்று நாள் வெள்ளைச் சோறு, முட்டை, மீன், தாளிக்காத தெளிந்த ரசம் என்று இருங்கள். சிவப்பு நிற பாண்டுங் பானம் வேண்டாம், ரத்தம் போலத் தெரியும். பேதி மருந்தை இரண்டாகப் பிரித்து இரண்டாம் பாதியை விடியற்காலையில் குடிக்கச் சொன்னால், மூன்று மணிக்கு அலாரம் வைத்தாவது குடியுங்கள். சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் தேதி குறிக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

உதவித்தொகையா, தனியாரா

பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு உதவித்தொகைப் பிரிவுக்குப் போனால் செலவு வெகுவாகக் குறையும், மெடிசேவும் உண்டு. ஆனால் மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தனியாரில் தேர்ந்தெடுக்கலாம், தேதியும் சீக்கிரம் கிடைக்கலாம். அந்தக் கூடுதல் வெள்ளிக்கு என்ன வாங்குகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவரின் அடினோமா விகிதத்தைக் கேட்டு, அவர் பதில் சொன்னால் அதற்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. விளம்பரத் தாளில் ஏஐ என்று போட்டிருப்பதற்காக மட்டும் கொடுக்க வேண்டாம். மெட்டாபிளேசியா கடுமையாக இருப்பவர்கள், குடும்பத்தில் இளம் வயதில் குடல் புற்று வந்தவர்கள் அரசாங்க மருத்துவமனையின் சிறப்புப் பிரிவிலேயே தொடர்ந்து பார்ப்பது நல்லது. பழைய படமும் பயாப்ஸியும் ஒரே இடத்தில் இருக்கும்.

ஆய்வில் சேர்வது

ஆய்வுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இரண்டு ஒளியை ஒப்பிடும் ஆய்வில் யாருக்கு எது என்பதைக் கணினி சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். "டாக்டர் தெரிஞ்சவர், எனக்குப் புதுசையே போடுவார்" என்பது நடக்காது. வெள்ளை ஒளி விழுந்தாலும் அது வழக்கமான தரமான சோதனைதான், இழப்பில்லை. தயங்காமல் சேருங்கள் என்பேன். ஒரே நாளில் இருமுறை பார்க்கும் ஆய்வில் மயக்க நேரம் நீளும். இதயம் அல்லது நுரையீரல் நோய் இருந்தால் மறுக்கலாம். ஒரு நன்மை, முதல்முறை தப்பியது இரண்டாம் முறை பிடிபடும்.

ராமன் ஒளி இன்னொரு வகை. தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹுவாங் ஸீவெய் என்ற பொறியியலாளரும் ஹோ கெக் யூ என்ற மருத்துவரும் பல ஆண்டுகளாக வளர்த்த தொழில்நுட்பம் அது. ஸ்கோப்பின் துளை வழியாக ஒரு மெல்லிய இழையை விட்டு, சந்தேகமான இடத்தில் அகச்சிவப்புக்கு அருகிலுள்ள லேசரைப் பாய்ச்சுவார்கள். திசுவின் மூலக்கூறுகள் சிதறடித்துத் திருப்பும் ஒளியில் அவற்றின் அடையாளம் இருக்கும். கணினி அதை நொடிப்பொழுதில் படித்துச் சொல்லும். எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு. என்றாலும் இன்றைக்கு உங்களுக்குத் தீர்ப்பு சொல்வது நோய்க்குறியியல் மருத்துவர் பார்க்கும் பயாப்ஸிதான். இந்த வகை ஆய்வில் சேர்ந்தால் சில நிமிடம் கூடும், ஓரிரு துணுக்கு சதை கூடுதலாக எடுப்பார்கள். அதனால் உங்கள் சிகிச்சை மாறப்போவதில்லை, பின்னால் வருபவர்களுக்குத்தான் பலன். அதைத் தெரிந்து சம்மதித்தால் மனக்குறை வராது.

நான் மேலே சொன்ன எண்களைத் திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் ஜப்பான், சீனா, இத்தாலி, அமெரிக்கா, போலந்து. 3,000 பேரைப் பின்தொடர்ந்த நம் ஊர் ஆய்வும், ஆபத்து அதிகம் என்பதால் சீனர்களை வைத்தே நடந்தது. அதில் தவறில்லை. ஆனால் நம் உணவும் நம் பழக்கமும் உள்ள உடம்பில் இந்த ஒளிகள் எவ்வளவு காட்டுகின்றன என்று யாராவது ஒருநாள் கேட்டால், பதில் சொல்ல நம்மவர்களின் விவரம் வேண்டும். அதனால்தான் தகுதி இருக்கும் ஒவ்வொருவரிடமும் "சேருங்கண்ணே, சேருங்கக்கா" என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

சேருமுன் கேட்க வேண்டியவை சில. எனக்கு வழக்கமாகச் செய்யும் எதையாவது விட்டுவிடுவீர்களா? கூடுதல் நேரமும் கூடுதல் பயாப்ஸியும் எவ்வளவு? அதற்கான செலவு யாருடையது? படங்களும் சதைத் துணுக்குகளும் எத்தனை காலம் யாரிடம் இருக்கும்? ஏதாவது தெரியவந்தால் எனக்குச் சொல்வீர்களா? 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டப்படி உங்கள் சம்மதம் எழுத்தில் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் உங்கள் சிகிச்சை குறையாது. ஆங்கிலப் படிவம் புரியவில்லை என்றால் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். மகனோ மகளோ கூட வரட்டும். பேதி மருந்து குடித்த களைப்பில் சோதனை அறை வாசலில் படுத்திருக்கும்போது முதன்முறையாகப் படிவத்தை நீட்டினால், "இன்னைக்கு வழக்கமானதைச் செய்யுங்க, ஆய்வைப் பத்தி வேற நாள் பேசுவோம்" என்று சொல்லிவிடலாம். எங்களில் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.